ஜனவரி முதலாம் திகதியிட்ட கோவாலா

“காலையில் மெல்லிய பனி. இழுப்பறையில் கோவாலாத் தோல் இரண்டு. ஒன்றுக்கு நாள், மாதம், ஆண்டு, ஊர் எல்லாம் உண்டு. நம்பலாம்.”

சென்ற ஆண்டு மார்ச் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை என் நாட்குறிப்பில் எழுதிய வரிகள் இவை. ‘நம்பலாம்’ என்ற சொல்லின் கீழ் அழுத்தமாகக் கோடு இழுத்திருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் சிரிப்பு வரும். பிறகு உடம்பு ஒருமுறை சிலிர்க்கும்.

நடந்தது ஒஸ்லோவில். இங்குள்ள அருங்காட்சியகம் ஒன்றின் சேமிப்புக் கிடங்கில் செவ்வாய்க்கிழமைகளில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன். பழைய விலங்குகளின் காலில் கட்டியிருக்கும் சீட்டுகளைப் படித்து, அவற்றில் உள்ளதைக் கணினியில் ஏற்ற வேண்டும். எனக்கு இது வாய்த்ததற்குக் காரணம் என்னுடைய திகதிப் பைத்தியம்தான். நோர்வேயின் வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் ஆலையில் நின்ற காலத்திலிருந்தே நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறேன். சூரியன் எழாத அந்தக் குளிர்கால வாரங்களில், இன்று என்ன நாள் என்பதைப் பிடித்து வைத்திருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒஸ்லோவுக்கு வந்தும் பழக்கம் விடவில்லை. முதற்பனி விழுந்த நாள், எங்கள் ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியின் முன்னால் நிற்கும் பேர்ச் மரம் துளிர்த்த நாள், ரயில் பாதை பனியில் புதைந்த நாள் எல்லாம் என்னிடம் எழுத்தில் இருக்கின்றன. மணிக்கட்டு பழுதாகி வேலையை விட்ட பிறகு, நூலகத்துப் புத்தகங்களும் இந்தக் கிடங்கும்தான் என் பொழுது.

கிடங்கில் எனக்குக் கிடைத்த ஒரே தமிழ்த் துணை, கோயம்புத்தூரிலிருந்து மரபணு ஆராய்ச்சிக்காக வந்திருந்த ஒரு பெண்பிள்ளை. முதல் சில வாரங்கள் ஒருவர் தமிழை ஒருவர் கேட்டுச் சிரித்துக்கொண்டோம். பேசுவோம் என்பதற்கு நான் “கதைப்பம்” என்றால் அவள் கதை கேட்க உட்காருவதுபோல் நடிப்பாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை அவுஸ்திரேலியாவின் கோவாலாவைப் பற்றி நோர்வேயில் ஏன் படிக்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“வேலை எங்க கெடைக்குதோ அங்க போறதுதான் ஆன்ட்டி. நீங்க மீன் வெட்ட வடதுருவம் வரைக்கும் போகலையா?” என்றாள்.

நான் சிரித்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன்.

அவளுடைய வேலையை அவள் எனக்கு விளங்கப்படுத்திய விதம் மறக்காது. கோவாலாக்களைத் தோலுக்காக ஒரு காலத்தில் கணக்கில்லாமல் சுட்டார்கள். சில இடங்களில் அடியோடு அழிந்தன. பிறகு, எஞ்சியிருந்த சிலவற்றைப் பிடித்துக்கொண்டுபோய் வேறு இடங்களில் விட்டுப் பெருக்கினார்கள். அதனால் சில கூட்டங்களில் தலை எண்ணிக்கை இருக்கிறது, ஆனால் எல்லாமே நெருங்கிய சொந்தம்.

“மச்சானும் மச்சாளும் தலைமுறை தலைமுறையாக் கட்டினமாதிரி,” என்றேன்.

“அதே! எங்க பக்கம் இன்னும் ஒரு படி மேல. தாய்மாமனையே கட்டிவெப்பாங்க.”

“தாய்மாமனையோ? எங்கடை ஆக்கள் கேட்டால் காதைப் பொத்துவினம்.”

“மச்சானைக் கட்டிக்கிட்டு மாமாவக் குத்தம் சொல்றீங்களா?” என்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக் கதவு திறந்தது. எட்டிப் பார்த்தவர் கிடங்கின் பொறுப்பாளர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய நோர்வேக்காரர். அதிகம் பேசமாட்டார். ஒரு தோலை இடம் மாற்றி வைத்தால்கூட அவருக்குத் தூக்கம் வராது.

இன்றிருக்கும் கோவாலாக்கள் மனிதர் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு என்றாள் அந்தப் பிள்ளை. கலைப்பதற்கு முன் எது எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான், இளைத்துப்போன ஒரு கூட்டத்துக்கு எந்தக் கூட்டத்திலிருந்து துணை கொண்டுவரலாம் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்ல முடியும். அதற்கு, வேட்டைக் காலத்துக்கு முந்திய அல்லது அதே காலத்துத் தோல் வேண்டும். எந்த ஊரில் சுடப்பட்டது என்று ஐயமில்லாமல் தெரிந்த தோலாக அது இருந்தால், வரைபடத்தை மாட்டுவதற்கு ஓர் ஆணி கிடைத்த மாதிரி. மற்றவற்றையெல்லாம் அதை வைத்து அளக்கலாம்.

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அந்த இழுப்பறை திறந்தது. பழங்காலத்து நோர்வேக் கப்பல்காரர் யாரோ கொண்டுவந்து சேர்த்த இரண்டு தோல்கள். உள்ளே பஞ்சு அடைத்து, கைகளை மார்போடு சேர்த்து, படுத்திருக்கும் குழந்தைகளைப் போல. பூச்சி அரிக்காதிருக்க அந்தக் காலத்தில் நஞ்சு தடவியிருப்பார்களாம். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். ஒன்றின் காலில் வெறும் எண் மட்டும். மற்றதன் காலில் தட்டச்சுச் செய்த சீட்டு ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் ஆண்டு, ஜனவரி முதலாம் திகதி, அதன் கீழ் குயீன்ஸ்லாந்துக் கரையோரத்துத் துறைமுகம் ஒன்றின் பெயர். ஆராய்ச்சி இன்னும் அச்சாகவில்லை என்பதால் ஆண்டையும் ஊரையும் வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதை எழுதாமல் விடுவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மரபணுவுக்கு இரண்டில் ஒன்றிலிருந்து மட்டுமே துணுக்கு வெட்டலாம் என்றார் பொறுப்பாளர். அதுவும் ஒரே ஒரு முறை. எதை என்று அந்தப் பிள்ளை தயங்கியபோது, கேளாமலே வாய் கொடுத்தவள் நான்தான். “பிள்ளை, இதிலை யோசிக்க என்ன கிடக்கு? நாளே போட்டிருக்கு. நாளைக் குறிச்சு வைச்சவன் ஊரைப் பிழையா எழுதுவானே?”

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. மறுநாள் காலை வெட்டுவதென்று முடிவாயிற்று. கோடை தொடங்க அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இந்தத் தோல் கிடைக்காவிட்டால் இவ்வளவு காலச் சேர்ப்பும் ஆணியில்லாத படம்தான் என்று அவளே சொல்லியிருந்தாள். என்னையும் பார்க்க வரச் சொன்னாள். நான் தரையில் கால் பாவாமல் வீட்டுக்குப் போனேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு. என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன, இண்டைக்கு வெளிச்சமாக் கிடக்கு? செத்த மிருகம் ஏதும் உம்மோடை கதைச்சதோ?” என்றார்.

“கதைச்ச மாதிரித்தான். ஒரு கோவாலா. எங்கடை பாட்டன் பூட்டன் காலத்தது. நாள் மாதம் எல்லாம் வடிவா எழுதிக் கிடக்கு. ஜனவரி முதலாம் திகதி.”

“ஜனவரி ஒண்டோ?” அவர் குழம்பை ஊற்றியபடி, தலை நிமிராமல் சொன்னார். “அப்ப அது எங்கடை ஒப்காங் ஆள்தானே. வாற வருசம் அதுக்கும் ஒரு துண்டு கேக் குடுத்துவிடும்.”

கையில் எடுத்த புட்டு கையிலேயே நின்றது.

ஒப்காங் என்பது அடுக்குமாடியில் ஒரே படிக்கட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகள். எங்கள் படிக்கட்டில் மேல்மாடிச் சோமாலியப் பெண், எங்களுக்கு எதிர்வீட்டு ஆப்கானியர், கீழ்வீட்டு எரித்திரியத் தம்பதி என்று எல்லோருக்கும் பிறந்தநாள் ஜனவரி ஒன்று. ஒரே நாளில் பிறந்தவர்களை ஒரே கட்டடத்தில் யாரும் பொறுக்கி வைக்கவில்லை. பத்திரமில்லாமல் வந்தவர்கள், தாங்கள் பிறந்த நாள் தெரியாதவர்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விட முடியாததால், பதிந்த அதிகாரி ஆண்டின் முதல் நாளைப் போட்டுவிடுவார். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் எங்கள் படிக்கட்டில் ஏலக்காய் மணக்கும். ஆண்டு தவறாமல் அதை நாட்குறிப்பில் எழுதிவருகிறவளும் நான்தான். ‘ஒப்காங்கில் பிறந்தநாள்கள். கேக் வந்தது.’ அந்த நாளுக்கு ‘தெரியாது’ என்று பொருள் என்பது இந்தக் கட்டடத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தட்டச்சில், பழுப்புத் தாளில், ஒரு விலங்கின் காலில் கட்டியிருந்தபோது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

“இஞ்சருங்கோ, நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு உங்களுக்கு விளங்குதோ?” என்றேன்.

“கேக் எண்டனான். இல்லாட்டி ரோல்ஸ் குடுப்பமோ?” என்றார்.

உடனே அந்தப் பிள்ளைக்குச் செய்தி அனுப்பினேன். ‘நான் வரும்வரைக்கும் கத்தியை எடுக்காதேங்கோ.’ ‘என்னாச்சு ஆன்ட்டி??’ என்று திரும்பி வந்தது. எழுதி விளங்கப்படுத்துகிற விஷயமா அது! காலையில் முதல் ஆளாகக் கிடங்கு வாசலில் நின்றேன்.

நான் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளிறிப்போனது. “அப்போ ஊரும் டவுட்டுதான். நாளே தெரியாம நாள் போட்டவங்க, ஊர் தெரியாம ஊர் போட்டிருப்பாங்க,” என்றாள்.

பொறுப்பாளருக்கும் நான் அதை விளக்க, அவர் கையுறையை மாட்டினார். அதே அலுமாரியின் மற்ற இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்தார். அதே தட்டச்சில் சீட்டுகள். வல்லபி என்ற சின்னக் கங்காரு ஒன்று, கிளி ஒன்று, பழந்தின்னி வௌவால் ஒன்று. எல்லாவற்றிலும் அதே துறைமுகம், அதே ஜனவரி முதலாம் திகதி. நைந்துபோன பழைய சீட்டுகளை எடுத்துவிட்டுப் பிற்காலத்தில் யாரோ புதிதாகத் தட்டிக் கட்டியிருக்கிறார்கள். துறைமுகம் என்பது பெட்டி கப்பலேறிய இடமாகத்தான் இருக்கும்.

“அந்த ஊர் வேட்டைக்காரர்கள் புத்தாண்டு விடுமுறை எடுப்பதில்லைப் போலிருக்கிறது,” என்று பொறுப்பாளர் தன் மொழியில் சொன்னார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அன்றுதான். ஆனால் அடுத்ததாக அவர் செய்தது பகிடியாக இல்லை. கோவாலாவின் இழுப்பறையை மெதுவாகத் தள்ளி மூடினார். “ஊர் தெரியும் என்பதால்தான் சம்மதித்தேன். இது ஏற்கெனவே ஒருமுறை கொல்லப்பட்டது. இரண்டாவது முறையும் வீணாக வெட்டுப்பட வேண்டாம்.”

நான் வாயைத் திறந்திராவிட்டால் அந்தப் பிள்ளையின் வேலை நடந்திருக்கும். வாயைத் திறந்ததால் நின்றுவிட்டது. ஆனால் திறந்திராவிட்டால், பிழையான ஆணியில் முழுப் படத்தையும் மாட்டியிருப்பார்கள். எங்கோ ஒரு காட்டில், பொருந்தாத இடத்துக் கோவாலாக்களைக் கொண்டுபோய் விட்டிருக்கவும்கூடும். அங்கே நின்றபடி இரண்டையும் மாறி மாறி நினைத்தேன். எதற்கு வருந்துவது என்று தெரியவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மூடிய இழுப்பறைமேல் கையுறைக் கையை வைத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறிய நோர்வேஜியத்தில் பேசினாள். சீட்டில் ஊர் இல்லாமல் போகலாம், தோலில் இல்லாமல் போகாது. ஊர் தெரியாததனால்தான் வெட்ட வேண்டும். இனி இது ஆணி இல்லை, சரி. சாட்சி. சாட்சியிடம் நாம் ஊரைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது, அதுவே சொல்லட்டும்.

பொறுப்பாளர் பதிவேட்டைப் புரட்டித் தோலின் எண்ணைத் தேடினார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். சாம்பிளோடு எண் மட்டும் போக வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்குத் துறைமுகத்தின் பெயரை யாரும் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டு இழுப்பறையைத் தானே திறந்தார்.

வெட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கத்தி பிடித்தே கை பழுதானவள் நான். இருந்தும் அப்படியொரு வெட்டை நான் பார்த்ததில்லை. உள்ளங்காலின் ஓரத்தில், பழைய தையல் ஓடிய இடத்தில், அரிசி மணியளவு ஒரு துணுக்கு. அதற்கு முன் விளக்கைச் சரித்து, “இங்க பாருங்க ஆன்ட்டி” என்று அதன் விரலைக் காட்டினாள். காய்ந்து கறுத்த விரல் நுனியில் ரேகை. மனிதருக்கு இருப்பதுபோலவே, வளைந்து வளைந்து ஓடும் ரேகை. கோவாலாவுக்கு ரேகை உண்டு என்று நான் எங்கும் படித்ததில்லை. கடவுச்சீட்டு எடுக்கப் போகும்போதெல்லாம் பொலிஸ் நிலையத்து இயந்திரம் என் விரல்களைப் படிக்க மறுக்கும். மீனும் உப்பும் குளிர்நீரும் என் ரேகைகளைத் தேய்த்துவிட்டன. சுடப்பட்டு, உரிக்கப்பட்டு, நஞ்சு தடவிக் கப்பலேறி, இருட்டுக்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கிடந்த இந்தச் சின்ன விலங்கின் ரேகை அப்படியே இருந்தது. நான் என் கையுறை விரலை அதன் விரலுக்குப் பக்கத்தில், தொடாமல், கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

முடிவு வருவதற்கிடையில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. பொறுப்பாளர் ஒரு வார்த்தையும் வெளியில் சொல்லாமல் யார் யாருக்கோ எழுதி, இலையுதிர் காலம் வரை அவளுக்கு மேசை ஒன்று கிடைக்கச் செய்தார். அதை நான் பின்னர்தான் அறிந்தேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் கையுறையைக் கழற்றுவதற்குள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். துணுக்கிலிருந்த மரபணு நொறுங்கிக் கிடந்தாலும், சேர்த்துப் படிக்கப் போதுமாக இருந்ததாம். அது துறைமுகத்துக் கோவாலா அல்ல. கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, மழை குறைந்த நிலத்தில் ஓடும் ஓர் ஆற்றங்கரைக் கூட்டத்தோடுதான் அது ஒத்துப்போனது. அந்தக் கூட்டத்தில் இன்று மிஞ்சியிருப்பவை கொஞ்சம். மிஞ்சியவற்றிடம் இல்லாத சில மரபணு வேறுபாடுகள் இந்தத் தோலில் இருந்தன. அவை அடுத்த ஆற்றுப் பள்ளத்தாக்குக் கோவாலாக்களிடம் இன்றும் உண்டு. அப்படியென்றால் இரண்டு கூட்டங்களும் ஒரு காலத்தில் கொண்டு கொடுத்தவை. துணை தேடுவதானால் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு அது ஒரு பதில்.

பிறகு அவள் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். இந்த ஒரே விலங்கின் உடலில் தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று என்று மரபணுவின் இரண்டு பிரதிகள். இரண்டும் எங்கெங்கே வேறுபடுகின்றன, எங்கெங்கே ஒன்றாக இருக்கின்றன என்று பார்த்தால், அதன் முன்னோர்கள் எந்தக் காலத்தில் பெருகியிருந்தார்கள், எந்தக் காலத்தில் சுருங்கினார்கள் என்று கணக்கிடலாமாம். கோடு பல்லாயிரம் ஆண்டுகள் பின்னோக்கி ஓடியது. ஏறியது, இறங்கியது. ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்தது.

“இது பனியுகம். அங்க ஐஸ் இல்ல, வறட்சி. மழை செத்துப்போச்சு. அந்த ஆத்தோட சில வளைவுல மட்டும் நிலத்துக்கு அடியில தண்ணி இருந்திருக்கு. அங்க ஒதுங்கிப் பொழச்சிருக்குங்க.” பழைய மழையைக் கணிப்பவர்கள் வரைந்த படத்தையும் தங்கள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். ஈரம் தங்கிய இடங்களும் கோவாலாக்கள் தங்கிய இடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. இனி வரப்போகும் வெப்பத்தில் முதலில் காக்க வேண்டியவை அந்த வளைவுகளாக இருக்கலாம் என்றாள்.

“அந்த நேரம் இஞ்சை?” என்று கேட்டேன்.

“இங்கயா? நம்ம தலைக்கு மேல ஐஸ், ஆன்ட்டி. மலையளவு.”

எனக்குத் தெரிந்த விஷயம்தான். பனி உருகியபின் கடல் ஏறிவந்ததையும், எங்கள் வீடு நிற்கும் பள்ளத்தாக்கின் களிமண் ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்ததையும் படித்திருக்கிறேன். ஆனால் அன்றுதான் எனக்கு அது உறைத்தது. இங்கே பூமியைப் பனி அழுத்திக்கொண்டிருந்தபோது, உலகத்தின் மற்றப் பக்கத்தில் வறண்ட ஓர் ஆற்று வளைவில் ஒரு தாய்க் கோவாலா குட்டியை முதுகில் சுமந்துகொண்டு பிழைத்திருக்கிறது. அது பிழைத்த செய்தி அரிசி மணியளவு தோலில் எழுதப்பட்டு, பனி உருகி எழுந்த இந்த நிலத்துக்கே வந்து, என் கண் முன்னால் ஒரு கோடாக நிற்கிறது. நான் வாழ்நாள் முழுக்க எழுதிய குறிப்புகளை அடுக்கினால் ஒரு தட்டு நிறையும். அந்தக் கோட்டின் அகலத்துக்குக்கூட அவை போதாது. பொறுப்பாளரும் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். 

இந்த ஜனவரி முதலாம் திகதி, வழக்கம்போல் மேல்மாடிச் சோமாலியப் பெண் கேக் கொண்டுவந்தாள். இத்தனை ஆண்டும் நன்றி சொல்லி வாங்கியிருக்கிறேன், ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இம்முறை கேட்டேன், உண்மையில் எப்போது பிறந்தாய் என்று.

“நாள் தெரியாது,” என்று சிரித்தாள். “ஆனால் மழை பொய்த்த ஆண்டு. ஒட்டகங்கள் விழுந்தபிறகு, முதல் மழைக்கு முன்னால். அம்மா அதை மட்டும் திருத்தமாகச் சொல்வாள்.”

கதவை மூடிவிட்டு நாட்குறிப்பை எடுத்தேன். என் கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “கோவாலாவின்ரை துண்டையும் நான் சாப்பிடட்டோ?” என்றார்.

அன்றைய பக்கத்தில் கேக் வந்ததை எழுதவில்லை. அவள் சொன்னதை எழுதினேன். அதன் கீழ், கிடங்கின் கணினியில் நான் திருத்தியதையும் எழுதினேன். அந்த விலங்கின் பதிவில் ‘ஜனவரி 1’ இப்போது இல்லை, அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதன் ஊர் ஓரளவு தெரியும், அதன் முன்னோர் தாண்டிவந்த வறட்சி தெரியும். அந்த ஆற்றங்கரைக்கு அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து துணை போய்ச் சேர்ந்ததா என்று எனக்கு இன்னும் செய்தி வரவில்லை. அது எந்த நாளில் சுடப்பட்டது என்பது இதுவரை உறுதிப்படவில்லை. ஒரு திகதியை நிரப்பாமல் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க என்னால் முடியும் என்று எனக்குக் காட்டியது அந்த வெற்றிடம்தான்.